கஞ்சாச் செடியின் விதையும் எண்ணெயும் வாங்கும்போது எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

உடல்நலத்தில் அக்கறை உள்ள ஒருவர், நச்சுக் கலப்பில்லாமலும் மண்ணைக் கெடுக்காமலும் விளைந்த கஞ்சாச் செடிப் பொருள்களை எப்படிப் பார்த்து வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். இணையக் கடை ஒன்றில் ஹெம்ப் (கஞ்சாச் செடியின் ஆங்கிலப் பெயர்களுள் ஒன்று) விதையையோ எண்ணெயையோ தேர்ந்து வைத்துவிட்டு, விலையைப் பார்த்ததும் பணம் கட்டக் கை வராமல் இங்கே வந்திருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். ஊகம் தவறென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மதுரைக்கு வடமேற்கே வாடிப்பட்டியில் மரச்செக்கு வைத்து எண்ணெய் ஆட்டுபவன். கஞ்சா என்ற சொல்லைக் காவல்துறைச் செய்திகளில் மட்டுமே படித்து வளர்ந்த வட்டாரம் எங்களுடையது. புகைப்பவர்களுக்கு வக்காலத்து வாங்க நான் இதை எழுதவில்லை. "செக்குக்காரன் கஞ்சா விற்கக் கிளம்பிவிட்டான்" என்று கீழே எழுத ஆயத்தமாகிறவர்கள் இந்த ஒரு பத்தியை மட்டுமாவது முழுதாகப் படிக்கவும். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம், அந்தச் செடியின் பூவும் காயும் பிடித்த நுனிகளைக் கஞ்சா என்றும், அதன் பிசினைச் சரஸ் என்றும் வரையறுத்துத் தண்டனைக்குரியதாக்குகிறது. தனியாகப் பிரித்தெடுத்த விதை அந்த வரையறைக்குள் வராது. 2021 நவம்பரில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எனப்படும் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்த விதையையும், விதை எண்ணெயையும், விதை மாவையும் உணவாக விற்கலாம் என்று வரம்புகளோடு அறிவித்தது. நான் பேசப்போவது பெரும்பாலும் இவற்றைப் பற்றித்தான்.

இந்த விவகாரத்தில் நான் தலையிட நேர்ந்தது ஒரு மூட்டையால். மூன்று ஆண்டுகளுக்கு முன், பெங்களூரில் கணினி வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர், விடுமுறைக்குச் சோழவந்தான் பக்கம் தன் ஊருக்கு வந்திருந்தவர், இருசக்கர வண்டியில் பத்துக் கிலோ விதையைக் கட்டிக்கொண்டு செக்குக்கு வந்தார். "அண்ணே, இது சணல் விதை. அப்பாவுக்கு மூட்டு வலி. எண்ணெய் ஆட்டிக் குடுங்க" என்றார். மூட்டையை அவிழ்த்து ஒரு பிடி அள்ளினேன். விதை கருத்து, அவரை விதையைச் சுருக்கியதுபோல் ஒரு பக்கம் வளைந்து, வழவழப்பாக இருந்தது. திரும்பக் கொட்டிவிட்டு உள்ளங்கையைப் பார்த்தால் செந்நிறச் சாயம் ஒட்டியிருந்தது. முகர்ந்தால் பூச்சிமருந்துக் கடைக்குள் நுழைந்ததுபோல் ஒரு நெடி. "தம்பி, இது ஆட்டுற விதை இல்ல, விதைக்கிற விதை" என்றேன். அவருக்கு முதலில் கோபம்தான் வந்தது.

நடந்தது இதுதான். அவர் இணையத்தில் ஆங்கிலத்தில் ஹெம்ப் என்று படித்திருக்கிறார். அதற்குத் தமிழில் சணல் என்று போட்டிருந்திருக்கிறார்கள். விதைக் கடையில் போய்ச் சணல் விதை என்று கேட்டார். கடைக்காரரும், நெல் நடவுக்கு முன் பசுந்தாள் உரமாக விதைக்கிற சணப்பு விதையை, பூஞ்சாணக்கொல்லி தடவியதை, நல்ல எண்ணத்தோடே நிறுத்துக் கொடுத்துவிட்டார். சணப்பு பயறு வகைச் செடி. கஞ்சாச் செடிக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. அதன் விதையில் எண்ணெயும் பெரிதாக வராது, ஈரலைக் கெடுக்கும் நச்சுப் பொருளும் உண்டு. மேலே தடவிய மருந்து வேறு. என் செக்கு மட்டும் அன்று பழுதாகி நின்றிருந்தால், அவர் அதை வீட்டு மிக்ஸியில் அரைத்துத் தன் தந்தைக்குக் கஞ்சியில் கலந்து கொடுத்திருப்பார் என்று அவரே பிறகு சொன்னார்.

இந்தப் பெயர்க் குழப்பத்தின் மீது எனக்கு இன்றும் ஆத்திரம் உண்டு. கோணிப்பை செய்கிற சணல் வேறு, வயலில் மடக்கி உழுகிற சணப்பு வேறு, கஞ்சாச் செடி வேறு. மூன்றுக்கும் தனித்தனிப் பெயர் இருக்கும்போது, "கஞ்சா" என்று எழுதினால் வாங்குகிறவர் பயந்துவிடுவார் என்று கருதிச் "சணல் விதை" என்று பொட்டலத்தில் அச்சிடுவது, கூச்சத்துக்காக ஒருவர் வயிற்றோடு விளையாடுவது. வெட்கமாக இருந்தால் ஹெம்ப் என்றே எழுதிவிட்டுப் போகட்டும். ஆகவே நீங்கள் பொட்டலத்தில் முதலில் தேட வேண்டியது கனாபிஸ் சட்டைவா என்ற தாவரப் பெயரை. அடுத்து விதையின் தோற்றத்தை. உண்மையான ஹெம்ப் விதை சற்றே முட்டை வடிவில், சாம்பலும் பழுப்புமாய், பளிங்குக் கோலிபோல் ஓட்டின் மேல் வரிகளோடு இருக்கும். ஓடு நீக்கியது வெண்மையும் இளம்பச்சையுமாக, நொய்யரிசிபோல் இருக்கும்.

இனி "இயற்கை" என்ற சொல்லுக்கு வருகிறேன். இங்கே என் குற்றத்தை நானே ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. பல ஆண்டுகள் என் கடை வாசலில் "இயற்கை முறையில் விளைந்த எள்ளில் ஆட்டிய நல்லெண்ணெய்" என்று ஒரு பலகை தொங்கிக்கொண்டிருந்தது. மதுரை அண்ணா நகரிலிருந்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், எண்ணெயை வாங்குவதற்கு முன் பலகையை முழுவதும் படித்துவிட்டு, "யார் சான்று கொடுத்தது?" என்று கேட்டார். உசிலம்பட்டிப் பக்கம் எனக்கு எள் தருகிற விவசாயி மருந்து அடிப்பதில்லை என்றேன். "பக்கத்து நிலத்துக்காரர்?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. மறு வாரம் போய்ப் பார்த்தேன். எள் வயலை ஒட்டி, ஒரு வரப்பு மட்டுமே இடைவெளியாக, பருத்தி நின்றிருந்தது. முதுகில் தெளிப்பானோடு ஒருவர் காற்றடிக்கிற திசையைப் பற்றிய கவலையே இல்லாமல் மருந்து அடித்துக்கொண்டிருந்தார். என் விவசாயி பொய் சொல்லவில்லை, நானும் பொய் சொல்லவில்லை. ஆனால் பலகை சொன்னது உண்மையில்லை. திரும்பி வந்து அதைக் கழற்றிவிட்டேன். அந்த அம்மா இப்போதும் வருகிறார், பலகை இல்லாத சுவரைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இரண்டு லிட்டர் வாங்கிக்கொண்டு போவார்.

அதனால்தான் ஹெம்ப் விற்கிறவர்கள் "இமயமலைச் சாரலில் தானாக விளைந்தது" என்று எழுதும்போது எனக்கு என் பலகைதான் நினைவுக்கு வருகிறது. விற்கிறவர் தன் சரக்கை நம்பியே எழுதியிருக்கலாம். அந்த நம்பிக்கை உங்களுக்குச் சான்று ஆகாது. சான்று பெற்றதென்றால் இந்தியா ஆர்கானிக் அல்லது ஜைவிக் பாரத் முத்திரை இருக்க வேண்டும். ஓராண்டுப் பயிருக்கு விதைப்பதற்கு முன் இரண்டு ஆண்டுகளாவது அந்த நிலத்தில் ரசாயனம் படாமல் இருந்தால்தான் அந்த முத்திரை கிடைக்கும். அதுவும் பயிரிட்ட முறைக்கான சான்றே தவிர, உங்கள் கையில் இருக்கிற புட்டியில் என்ன இருக்கிறது என்பதற்கான சான்று அன்று.

இந்தச் செடி விஷயத்தில் அந்த வேறுபாடு மிகவும் முக்கியம். கஞ்சாச் செடி மண்ணிலுள்ள காட்மியம், ஈயம் போன்ற கன உலோகங்களை வேர் வழியாக நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். 1990களின் இறுதியில் செர்னோபில் அணு உலைக்கு அருகில் கெட்டுப்போன மண்ணைத் தூய்மையாக்க முடியுமா என்று பார்ப்பதற்காக இதை நட்டார்கள் என்றால், அதன் உறிஞ்சும் திறனை எண்ணிப் பாருங்கள். மண்ணுக்கு நல்லது செய்கிற அந்தக் குணமே தின்கிறவருக்குக் கேடாகலாம்: ஒரு துளி பூச்சிமருந்து தெளிக்காத நிலமாக இருந்தாலும், பக்கத்துத் தொழிற்சாலைக் கழிவு இறங்கிய மண் என்றால் விளைச்சலில் அது வந்து நிற்கும். எனவே கேட்க வேண்டியது ஆய்வக அறிக்கை. அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் அறிக்கையாக இருக்க வேண்டும். அதிலுள்ள பேட்ச் எண்ணும் (ஒரே தடவையில் தயாரித்த சரக்குக்குத் தரும் எண்) உங்கள் புட்டியிலுள்ள பேட்ச் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். கன உலோகம், பூச்சிமருந்து எச்சம், போதை தரும் பொருளான டி.எச்.சி. மூன்றுக்கும் எண்கள் இருக்க வேண்டும். "பரிசோதிக்கப்பட்டது" என்ற ஒற்றைச் சொல்லை அறிக்கையாக ஏற்காதீர்கள்.

இந்த டி.எச்.சி. விதைக்குள் ஏறத்தாழ உருவாவதே இல்லை. விதையைச் சுற்றியுள்ள பூவடிச் செதில்களின் பிசின் ஓட்டில் ஒட்டிக்கொள்வதால்தான் அது வருகிறது. நன்றாகக் கழுவி, ஓடு நீக்கிச் சலித்தால் குறையும். விதையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம், விதை எண்ணெயில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்பவை ஆணையம் வைத்த உச்ச வரம்புகள். அந்த எண்ணைப் பார்த்தால் அறுவடையும் சுத்தம் செய்தலும் எவ்வளவு கவனமாக நடந்தன என்பதை, எள்ளில் மண் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துக் களத்தைக் கணிப்பதுபோல், நானே ஓரளவு கணித்துவிடுவேன்.

நான் மூன்று விற்பனையாளர்களுக்கு எழுதி அறிக்கை கேட்டேன். ஒருவர் பச்சை இலைப் படம் போட்ட விளம்பரத் தாளை அனுப்பினார். உணவாக விற்கிற பொருளின் மேல் விதையைத் தவிர அந்தச் செடியின் இலை உட்பட வேறெந்தப் பகுதியின் படமும் போடக் கூடாது என்பதே விதி. இரண்டாமவர் அனுப்பிய அறிக்கை இரண்டு ஆண்டுப் பழையது, பேட்ச் எண் வேறு. மூன்றாமவர் அன்று மாலையே சரியான அறிக்கையை அனுப்பினார். பொட்டலத்திலிருந்த 14 இலக்க உரிம எண்ணை ஆணையத்தின் தளத்தில் போட்டுப் பார்த்தேன். பெயரும் முகவரியும் பொருந்தின. கால் லிட்டர் வாங்கினேன். விலையை இங்கே எழுத மாட்டேன், என் மனைவி இந்தத் தளத்தைப் படிப்பவர்.

எண்ணெய் முருங்கைக்கீரைச் சாறுபோல் கரும்பச்சையாக இருந்தது. பச்சை நிலக்கடலையும் புல்லும் கலந்த ஒரு வாசம். அந்தப் பச்சையம்தான் அதற்குப் பகையும்: வெளிச்சம் பட்டால் சீக்கிரம் காறிப் போகும். கறுத்த கண்ணாடிப் புட்டியில் இல்லையென்றால் வாங்காதீர்கள். திறந்தபின் குளிர்பெட்டியில் வையுங்கள். ஆட்டிய தேதியைப் பாருங்கள். காறல் வாடை வந்துவிட்டால், எந்த முத்திரை இருந்தாலும் அது கெட்ட எண்ணெய். என் மனைவி முதல் நாளே அதில் கடுகு தாளித்தார். கடுகு வெடிப்பதற்குள் சட்டி புகைந்து, "என்னங்க, இந்த விலைக்கு வாங்குன எண்ணெய் இப்படிக் கரியுது?" என்று கேட்டார். தாளிக்கவும் பொரிக்கவும் ஏற்ற எண்ணெய் அன்று அது. ஆறிய சோற்றில், துவையலில் ஒரு தேக்கரண்டி ஊற்றிக்கொள்ளலாம். உத்தரகண்டின் குமாவூன் மலைக்காரர்கள் விதையை வறுத்துத் துவையலாகவே அரைக்கிறார்கள்.

மேலே "பெரும்பாலும்" என்றதற்குக் காரணம் சி.பி.டி. எண்ணெய். சி.பி.டி. என்பது அந்தச் செடியிலுள்ள, போதை தராத இன்னொரு பொருள். அந்த எண்ணெய் விதையிலிருந்து வருவதன்று. இலையிலிருந்து எடுக்கிற சாறு, விஜயா என்ற ஆயுர்வேதப் பெயரில் மருந்து உரிமத்தின்கீழ் விற்கப்படுகிறது. விதை எண்ணெயில் சி.பி.டி. மிகுதியாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், அவருக்குச் சரக்கு தெரியவில்லை அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார். என் தாயாருக்குச் செயற்கை இதய வால்வு பொருத்தி, இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் கொடுக்கிறோம். அவருடைய மூட்டு வலிக்காக ஓர் இணைய விற்பனையாளரிடம் விஜயா எண்ணெய் பற்றி விசாரித்தேன். மருத்துவர் என்று ஒருவர் தொலைபேசியில் வந்தார்; வயது கேட்டார், எடை கேட்டார், இரண்டே நிமிடத்தில் மருந்துச் சீட்டு தயார் என்றார். என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேட்கவே இல்லை. வார்ஃபரினை உடைத்து வெளியேற்றுகிற ஈரல் நொதிகளைச் சி.பி.டி. மட்டுப்படுத்தும்; அப்போது இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்ட மாதந்தோறும் பார்க்கிற ஐ.என்.ஆர். எண் ஏறி, உள்ளுக்குள் இரத்தக்கசிவு ஏற்படலாம். இதை எனக்குச் சொன்னவர் எங்கள் இதய மருத்துவர், அதுவும் நான் தற்செயலாகக் கேட்டதால். வலிப்பு மருந்து, இரத்த மெலிப்பி போன்றவை சாப்பிடுகிறவர்கள் வீட்டில் இருந்தால், எவ்வளவு தூய்மையான சாறாக இருந்தாலும் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் வாங்க வேண்டாம்.

ஒமேகா 3 கொழுப்புக்காகத்தான் வாங்குகிறீர்கள் என்றால், ஓடு நீக்கிய ஹெம்ப் விதை நூறு கிராமில் அது சுமார் 9 கிராம், ஆளிவிதையில் ஏறத்தாழ 22 கிராம். புரதத்துக்கு என்றால் ஹெம்ப் உண்மையிலேயே நல்லது, நூறு கிராமில் முப்பது கிராமுக்கு மேல். ஆனால் மண்ணுக்கு நல்லது என்று நினைத்து, இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வண்டியேறி வருகிற விதையை மதுரையில் இருந்துகொண்டு வாங்குவது எந்தக் கணக்கில் சேரும் என்பதையும் யோசியுங்கள். எள் ஆட்டுகிறவன் எள்ளைத்தான் புகழ்வான் என்பீர்கள். ஆளிவிதையை நான் விற்பதில்லை.

அந்தப் பத்துக் கிலோ சணப்பு விதையை விதைக் கடைக்காரர் திரும்ப எடுக்கவில்லை. இளைஞரின் தந்தை, மூட்டு வலியோடே, அதை ஒரு ஏக்கரில் விதைத்து, ஏழாம் வாரம் மஞ்சளாகப் பூ எடுத்ததும் மடக்கி உழுது நெல் நட்டார்.