தெலுங்கு தெரியாமல் சியாமா சாஸ்திரி: கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் வீட்டில் கர்நாடக சங்கீதம் கேட்கும் வழக்கம் கிடையாது. சினிமாப் பாட்டுதான். கொஞ்ச நாளாக வேலைக்குப் போகும் பேருந்தில், எம்.எஸ். சுப்புலட்சுமி பாடிய 'காமாட்சி அனுதினமு' என்ற பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். பைரவி ராகத்தில் அமைந்த ஸ்வரஜதி என்ற வகையாம். எனக்குத் தெலுங்கு தெரியாது. ராகமும் பிடிபடாது. ஆனால் பாட்டு மேலே போகப் போகத் தொண்டை அடைத்துக்கொள்கிறது. சங்கீதம் படித்த நண்பரிடம் சொன்னேன். "மொழியும் தெரியாது, இலக்கணமும் தெரியாது, அப்புறம் எதை ரசிக்கிறாய்? எம்.எஸ். குரலைத்தான்" என்றார். அவர் சொல்வது சரியா? பாட்டும் மெட்டும் தாமே அமைத்த வாக்கேயக்காரர்களில் உங்களுக்குப் பிடித்தவர் யார்? இருநூறு வருடத்துக்கு முந்தைய பாட்டு இன்றைக்கு ஒருவனை ஏன் இப்படிப் பிடித்துக்கொள்கிறது?

ஒரு வாசகர், நாமக்கல்

*

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் கேட்கும் அந்த ஸ்வரஜதியைச் செய்த சியாமா சாஸ்திரிதான் எனக்கு மிகப் பிடித்தவர். அதனால் உங்கள் கடிதம் கூடுதல் மகிழ்ச்சி தந்தது.

முதலில் நண்பரின் கேள்வி. எம்.எஸ். குரலுக்கு அதில் பெரிய பங்கு உண்டு, மறுக்க முடியாது. ஆனால் அதே ஸ்வரஜதியை யாராவது வீணையில் வாசித்திருந்தால் தேடிக் கேளுங்கள். அங்கே எம்.எஸ். இல்லை, தெலுங்கும் இல்லை. அப்போதும் தொண்டை அடைத்தால் நண்பருக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியதே இல்லை.

உண்மையில் வீணை வரைக்கும் போகக்கூட வேண்டாம். பாட்டுக்குள்ளேயே பதில் இருக்கிறது. ஸ்வரஜதியில் ஒவ்வொரு சரணத்தையும் முதலில் ஸரிகம என்று ஸ்வரமாகவே பாடுவார்கள். அப்புறம் அதே மெட்டில் சாகித்யத்தை, அதாவது பாட்டின் சொற்களை, பாடுவார்கள். அதாவது ஒவ்வொரு பகுதியும் முதலில் சொல்லே இல்லாமல் உங்கள் காதுக்கு வருகிறது. தெலுங்கு தெரிந்தவரும் தெரியாதவரும் அந்த நேரத்தில் ஒரே இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். சொல் வந்து சேரும்போது மெட்டு ஏற்கனவே நெஞ்சில் இறங்கியிருக்கிறது.

"மேலே போகப் போக" என்று எழுதியிருக்கிறீர்கள். இலக்கணம் தெரியாது என்று சொல்லிவிட்டு அந்தப் பாட்டின் கட்டுமானத்தையே சொல்லிவிட்டீர்கள். பைரவி ஸ்வரஜதிக்கு எட்டுச் சரணங்கள். முதல் சரணம் ஸட்ஜத்தில் (ஸ) தொடங்கும், இரண்டாவது ரிஷபத்தில் (ரி), மூன்றாவது காந்தாரத்தில் (க). இப்படி ஒவ்வொன்றும் ஒரு ஸ்வரம் ஏறி, எட்டாவது சரணம் மேல் ஸட்ஜத்தில் தொடங்கும். ஒவ்வொரு ஸ்வரத்திலும் நின்று, அங்கிருந்து பார்த்தால் பைரவி எப்படித் தெரிகிறது என்று காட்டிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகிறார். நடுநடுவே "காமாட்சி" என்று பல்லவிக்குத் திரும்பி வந்து, மறுபடி இன்னும் கொஞ்சம் உயரத்திலிருந்து கூப்பிடுகிறார். ஒரு குழந்தை அம்மாவைக் கூப்பிட்டுப் பார்த்து, அவள் திரும்பாவிட்டால் குரலை ஒரு படி உயர்த்துமே, அதே ஏற்றம்தான். இதைப் புரிந்துகொள்ள ஸ்வர ஞானம் எதற்கு?

தாளத்தையும் சொல்ல வேண்டும். மிஸ்ர சாபு, ஏழு எண்ணிக்கை. 'தகிட தகதிமி' என்று மூன்றும் நாலுமாகப் பிரியும். சமமாக விழாத இந்த நடையை சியாமா சாஸ்திரி அளவுக்கு நேசித்தவர்கள் குறைவு. இதையே நாலு, மூன்று என்று திருப்பிப் போட்டும் பாட்டு அமைத்திருக்கிறார். மெதுவான விளம்ப காலத்தில் இந்த ஏழு வரும்போது ஒரு சின்னத் தயக்கமும் உடனே ஒரு நகர்வும் மாறி மாறிக் கேட்கும். கெஞ்சுகிறவனின் பேச்சுக்கு இதைவிடப் பொருத்தமான நடை கிடையாது.

இனி சாகித்யம். அதில் புரியாத தத்துவம் எதுவும் இல்லை. தேவியின் அழகை வர்ணிக்கும் சில அடைமொழிகள். அதற்கிடையே, அம்மா, உன் பாதமே கதி என்று நம்பினேன், என் கவலைகளைச் சீக்கிரம் தீர்த்துவிடு, தாமதிக்காதே. அவ்வளவுதான். அர்த்தம் தெரிந்துகொண்டு கேட்டால் இன்னும் கூடும், கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் நீங்கள் அது தெரியாமல் உணர்ந்ததும் இதையேதான்.

இந்தப் பேச்சு சபைக்காகச் செய்ததும் இல்லை. சியாமா சாஸ்திரி தஞ்சை பங்காரு காமாட்சி கோயிலின் அர்ச்சகர். காஞ்சியிலிருந்து கலகக் காலத்தில் கொண்டுவரப்பட்ட பொன் விக்கிரகம் அது, அதோடு வந்தது அவர் குடும்பம் என்பது மரபு. அவர் பிறந்தது திருவாரூரில், பூஜை செய்தது தஞ்சாவூரில். ஆனாலும் பல்லவியில் "காஞ்சி காமாட்சி" என்றுதான் அழைக்கிறார். எனக்கு அந்த இடம் ஒவ்வொரு முறையும் உருக்கமாக இருக்கும். தினமும் தன் கையால் அலங்காரம் செய்த தெய்வத்திடம் எதிரே நின்று பேசுகிற நெருக்கம் அவர் பாட்டில் இருக்கிறது.

சாஸ்திரியோடு சேர்த்து சங்கீத மும்மூர்த்திகள் என்று சொல்லப்படும் மற்ற இருவரான தியாகராஜர், முத்துசாமி தீட்சிதர் பற்றியும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. மூவருமே திருவாரூரில் பிறந்தவர்கள். சாஸ்திரி 1762, தியாகராஜர் 1767, தீட்சிதர் 1775. தியாகராஜரில் ஒரே வரி, திரும்ப வரும்போதெல்லாம் மெட்டு கொஞ்சம் மாறி, சங்கதி சங்கதியாக வளர்வது எனக்குப் பெரிய ஆனந்தம். தீட்சிதருக்கு அவசரமே கிடையாது, ஸ்வரங்களை அசைத்து இழைக்கும் வீணையின் கமகம் பாட்டு முழுக்க ஓடும். அவர்களை வியந்து கேட்கிறேன். மனம் சரியில்லாத நாளில் கை தானாகப் போவது சாஸ்திரியிடம்தான்.

இன்னொன்று. சினிமாப் பாட்டு மட்டுமே கேட்டவன் என்று தயங்கி எழுதியிருக்கிறீர்கள். தயக்கம் வேண்டாம். 1977-ல் வந்த 'கவிக்குயில்' படத்தின் 'சின்னக் கண்ணன் அழைக்கிறான்' உங்களுக்குத் தெரிந்திருக்கும். அது ரீதிகௌளை ராகம். சியாமா சாஸ்திரியின் மகன் சுப்பராய சாஸ்திரி அதே ராகத்தில் 'ஜனனி நின்னுவினா' என்று ஒரு கீர்த்தனை செய்திருக்கிறார், மிஸ்ர சாபுவில். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். உங்கள் காது எவ்வளவு தயாராக இருக்கிறது என்று தெரியும்.

இருநூறு வருடம் என்கிறீர்கள். அந்தப் பாட்டு இருநூறு வருடமும் ஏட்டில் கிடக்கவில்லை. மகன், பேரன், சீடர்கள், வீணைக் கலைஞர் தனம்மாளின் குடும்பத்துப் பெண்கள் என்று வாய் வழியாகவே வந்தது. வந்த வழியெல்லாம் பாடியவர்கள் தங்கள் மூச்சையும் அதில் சேர்த்திருக்கிறார்கள். சாஸ்திரியின் கட்டுமானம் அத்தனை பேரையும் தாங்கியிருக்கிறது. நீங்கள் பேருந்தில் கேட்பது அவர்கள் எல்லோரையும்தான்.

பைரவிக்கு அப்புறம் தோடி ஸ்வரஜதி 'ராவே ஹிமகிரி குமாரி'க்குப் போங்கள். இது எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளம், நடை வேறு. யதுகுலகாம்போஜி ராகத்து ஸ்வரஜதியும் கேட்டால் அவருடைய புகழ்பெற்ற மூன்று ஸ்வரஜதிகளும் முடியும். பிறகு ஆனந்தபைரவியில் 'மரிவேறே கதி எவரம்மா'. அதை மட்டும் பேருந்தில் வேண்டாம், வீட்டில் இரவில் கேளுங்கள். கேட்டுவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்.