படகை இனி ஒரு முறைகூட ஓட்டாதீர்கள்

கேள்வி: எனக்கு ஊர் நாகர்கோவில். குடும்பத்தோடு அஷ்டமுடிக் காயலில் போய்வர, கொல்லத்தில் ஒருவரிடம் ஏழு பேர் உட்காரும் பழைய ஃபைபர் மோட்டார் படகை 6.5 லட்சம் ரூபாய்க்கு வாங்கினேன். 4 லட்சம் வங்கி மூலம், மீதி ரொக்கம். பழைய படகு வாங்கி விற்கும் ஒரு யார்டுதான் ஆளைக் காட்டியது. அவர்களுக்கு 15,000 கமிஷன் கொடுத்தேன். ‘2018 மாடல், 40 எச்.பி. இன்ஜின், பேப்பர் எல்லாம் கிளியர்’ என்று விற்றவர் வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார். மூன்று வாரம் கழித்து மெக்கானிக் இன்ஜின் எண்ணைப் பார்த்துவிட்டு, ‘இது 2009-இல் வந்த இன்ஜின்’ என்கிறார். பதிவுச் சான்றிதழும் வேறு யார் பெயரிலோ இருக்கிறது. விற்றவரிடம் கேட்டால், ‘ஓட்டிப் பார்த்துத்தானே எடுத்தீங்க’ என்கிறார். பணம் திரும்பக் கிடைக்குமா? நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா? அதுவரை படகை ஓட்டலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன். ஓட்டாதீர்கள். உங்கள் பணம் திரும்புவதும் திரும்பாததும் பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது.

கடையோ வியாபாரமோ இல்லாத தனிநபரிடம் பழைய பொருள் வாங்கினால், தரத்துக்குச் சட்டம் தானாக உத்தரவாதம் தருவதில்லை. விற்றவர் அந்தத் தைரியத்தில்தான் பேசுகிறார். ஆனால் 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தில் 15-வது பிரிவு இருக்கிறது. ஒரு பொருளை இன்னது என்று விவரித்து விற்றால், கொடுக்கும் பொருள் அந்த விவரத்தோடு பொருந்த வேண்டும். விற்றவர் வியாபாரியா, தனிநபரா என்று அந்தப் பிரிவு பார்ப்பதில்லை. அவர் வேண்டுமென்றே பொய் சொன்னார் என்றுகூட நீங்கள் நிரூபிக்க வேண்டாம். சொன்னது 2018, கொடுத்தது 2009 என்று காட்டினால் போதும். காயலில் அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தால் இன்ஜின் வயது யாருக்குத் தெரியும்?

இப்படிப் பொருந்தாத பொருளை நீங்கள் நிராகரிக்கலாம். ஆனால் உண்மை தெரிந்த பிறகும் ஓட்டினாலோ, இன்ஜினைப் பிரித்துச் சரிசெய்தாலோ, நியாயமான காலத்துக்குள் சொல்லாமல் இருந்தாலோ, நீங்கள் படகை ஏற்றுக்கொண்டதாக 42-வது பிரிவின்படி எதிர்த்தரப்பு வாதிடும். அது நிலைத்தால் முழு விலையைக் கேட்க முடியாது, நஷ்டஈடு மட்டும்தான். ஆகவே இந்த வாரமே பதிவுத் தபாலில் எழுதுங்கள்: ‘படகை நிராகரிக்கிறேன், 6.5 லட்சத்தைத் திருப்பித் தாருங்கள், படகை வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.’ 43-வது பிரிவுப்படி, நிராகரித்துவிட்டதாகத் தெரிவித்தால் போதும். நீங்கள் கொல்லத்துக்குக் கட்டி இழுத்துப்போக வேண்டியதில்லை.

ஓட்ட வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு அதுதான் பெரிது. 2021-ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படி, இயந்திரப் படகுக்கு ஆய்வுச் சான்றிதழ், பதிவு, காப்பீடு மூன்றும் வேண்டும். 2023 மே 7 அன்று மலப்புறம் மாவட்டம் தானூரில் கவிழ்ந்த படகு, மீன்பிடிப் படகைச் சுற்றுலாவுக்காக மாற்றியது. 22 பேர் இறந்துபோனார்கள், பலர் சின்னக் குழந்தைகள். காகிதமும் இன்ஜினும் ஒன்றோடொன்று பொருந்தாத படகில் உங்கள் பிள்ளைகளை ஏற்றாதீர்கள்.

பதிவுச் சான்றிதழில் உள்ளவரை உடனே தேடிப் பிடியுங்கள். ‘நான் அவருக்கு விற்றுவிட்டேன், பெயர்தான் மாற்றவில்லை’ என்று அவர் சொன்னால், அதை எழுத்தில் வாங்குங்கள். ‘நான் விற்கவே இல்லை’ என்றால் வழக்கு வேறு. தனக்கு உரிமையில்லாத பொருளை விற்க ஒருவருக்கு உரிமையில்லை. 1923-இல் இங்கிலாந்தின் ‘ரோலண்ட் எதிர் டிவால்’ வழக்கில், விற்றது திருட்டுக் கார் என்று தெரியவந்தபோது, வாங்கியவர் அதைச் சில மாதம் ஓட்டியிருந்தும் முழு விலையும் அவருக்குத் திரும்பியது.

நுகர்வோர் ஆணையத்தில் விற்ற தனிநபர் மீது வழக்கு நிற்பது கடினம். யார்டு வேறு. படகு வியாபாரமே செய்பவர்கள், உங்களிடம் கமிஷன் வாங்கியவர்கள். சேவைக் குறைபாடு என்று அவர்கள்மேல் புகார் கொடுக்கலாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் தர இடம் தருகிறது. காலக்கெடு இரண்டு ஆண்டு. விற்றவர்மேல் உரிமையியல் வழக்குக்கு மூன்று ஆண்டு. அதைக் கொல்லத்தில் தொடுப்பதே பாதுகாப்பு. போலீஸ் புகாரை மட்டும் நம்பி அலைந்து, நிராகரிப்புக் கடிதத்துக்கான காலத்தை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். புகார் கொடுங்கள், ஆனால் கடிதம் முந்தட்டும்.

ரொக்கமாகக் கொடுத்த 2.5 லட்சம்தான் உங்கள் பலவீனம். 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி தவறு, அபராதம் வாங்கியவருக்கு. அதனாலேயே அவர் ‘வாங்கவில்லை’ என்று சொல்லக்கூடும். வங்கியில் எடுத்த தேதி, உடன் இருந்தவர், ‘கிடைத்தது’ என்று அவர் அனுப்பிய செய்தி, எல்லாவற்றையும் சேருங்கள். வாட்ஸ்அப் உள்ள போனை மாற்றாதீர்கள், உரையாடலை அழிக்காதீர்கள். அதை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய, 2023-ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய அதிநியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுப்படி, மின்னணுப் பதிவுகளுக்கான சான்றிதழ் வேண்டும். மெக்கானிக்கின் வாய்ச்சொல் போதாது. படகு சர்வேயர் ஒருவரை வைத்து, இன்ஜின் எண்ணைப் படமெடுத்து அறிக்கை வாங்குங்கள். அதுவரை இன்ஜின் மூடியை யாரும் திறக்க விடாதீர்கள். படகை நிறுத்த ஆகும் வாடகை ரசீதுகளையும் எடுத்து வையுங்கள், அதையும் சேர்த்துக் கேட்கலாம்.