புரண்டு படுத்தால் சுற்றுகிறது: மூளைக்கட்டியா?

கேள்வி: வயது 54. மூன்று வாரமாகப் படுக்கையில் வலப்பக்கம் புரண்டாலே அறை சுழல்கிறது, அரை நிமிடத்தில் நின்றுவிடுகிறது. சில நாள் வாந்தியும் வருகிறது. கழுத்து எக்ஸ்ரேயில் எலும்புத் தேய்மானம் என்றார்கள். கடையில் ஸ்டெமெட்டில் என்ற வாந்தி, தலைசுற்றல் மாத்திரையை வாங்கித் தினமும் போடுகிறேன். மூளைக்கட்டி, பக்கவாதம் என்று யூடியூபில் பார்த்ததிலிருந்து தூக்கமில்லை. எம்.ஆர்.ஐ. எடுக்கட்டுமா? – வாசகி, திருச்சி

பதில்: இப்போதைக்கு வேண்டாம். புரண்டால் சுற்றுகிறது, ஒரு நிமிடத்துக்குள் அடங்குகிறது. மற்ற நேரம் நீங்கள் வழக்கம்போல நடமாடுகிறீர்கள் என்றால் இது பெரும்பாலும் உள்காதுக் கோளாறுதான். அங்கே ஒட்டியிருக்கும் நுண்ணிய கால்சியம் துகள்கள் பெயர்ந்து அரைவட்டக் குழாய்க்குள் விழுந்துவிடும். தலை திரும்பும்போது அவை உருண்டு, உள்ளிருக்கும் திரவத்தை அசைத்துவிடும். சுற்றாத தலை சுற்றுவதாக மூளைக்குத் தகவல் போகும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு கட்டில் போதும். உட்காரவைத்து, தலையை 45 டிகிரி திருப்பி, சட்டென்று மல்லாக்கப் படுக்கவைத்துக் கண்ணைப் பார்ப்போம். டிக்ஸ்-ஹால்பைக் சோதனை என்று பெயர். சில நொடி தாமதித்துக் கருவிழி மேல்நோக்கிச் சுழன்று துடித்து, பிறகு தானே ஓய்ந்தால் காதுதான். ஓயாமல் நேர் கீழாகத் துடித்தால்தான் நாங்களே ஸ்கேனுக்கு அனுப்புவோம். காது என்று உறுதியானால் அதே கட்டிலில் எப்லி முறையில் தலையைப் படிப்படியாகத் திருப்பித் துகளை அந்தக் குழாயிலிருந்து வெளியேற்றிவிடலாம். பலருக்கு ஓரிரு முறையிலேயே சரியாகிவிடும். எந்த மாத்திரையும் அந்தத் துகளை நகர்த்தாது.

கழுத்துத் தேய்மானத்தை விடுங்கள். ஐம்பது தாண்டிய பெரும்பாலோருக்கு எக்ஸ்ரே எடுத்தால் அது தெரியும்.

பக்கவாதத்துக்குப் பயப்படுகிறீர்களே, அதன் அடையாளத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். திடீரென்று தொடங்கிய சுற்றல் அசையாமல் படுத்திருந்தும் மணிக்கணக்கில் நிற்காது. எழுந்தால் பிடிமானமின்றி நிற்கவோ நடக்கவோ முடியாது. சிறுமூளையில் ரத்த அடைப்பு வந்தால் கை கால் வலு குறையாமலே இப்படி ஆகலாம். அதனால்தான் பலர் 'பித்தம்' என்று எலுமிச்சைச் சாறு குடித்துவிட்டுப் படுத்துவிடுகிறார்கள். கூடவே பார்வை இரண்டாகத் தெரிவது, நாக்குக் குழறல், விழுங்கச் சிரமம், முகம் மரத்துப்போவது, இதுவரை வராத கடும் தலைவலி, இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். சி.டி. ஸ்கேன் 'நார்மல்' என்று வந்தாலும் நடக்க முடியாத ஒருவரை வீட்டுக்குக் கூட்டிவராதீர்கள். சிறுமூளை அடைப்பு ஆரம்பத்தில் சி.டி.யில் தப்பிவிடும். சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

கடைசியாக அந்த ஸ்டெமெட்டில். வாந்திக்கு இரண்டு மூன்று நாள் போடலாம். வாரக்கணக்கில் போட யார் சொன்னது? தொடர்ந்து போட்டால் கைநடுக்கமும் உடல் இறுக்கமும் வரலாம். அதை நிறுத்திவிட்டு காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். மாத்திரை உள்ளே இருந்தால் கண் துடிப்பு மங்கிச் சோதனை ஏமாற்றலாம். எந்தப் பக்கம் புரண்டால் சுற்றுகிறது என்பதை முதலில் சொல்லுங்கள். சோதனையின்போது சுற்றலாம். துணைக்கு ஒருவரை அழைத்துப் போங்கள்.