நிலக்கரிய மண்ணுக்குள்ளயே கேஸாக்குற வேலை: பொண்ண மைனிங்ல சேர்க்கலாமா?

வணக்கம் சார். பொண்ணு பிளஸ் டூ முடிச்சிருக்கா, ஜார்க்கண்ட்ல பூமிக்கு அடியிலயே நிலக்கரிய கேஸா மாத்தப் போறாங்கன்னு ஏதோ வீடியோ பாத்துட்டு மைனிங்தான் படிப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா, வீட்ல அவங்க அம்மா சுரங்கம்னு சொன்னாலே அழுகுறாங்கன்னு எழுதியிருந்தீங்க. முதல்ல அம்மாகிட்ட இதைச் சொல்லிடுங்க, இந்த யூசிஜி வேலைல, அதாவது நிலக்கரிய பூமிக்கு அடியிலயே கேஸாக்குற இந்த வேலைல, யாரும் சுரங்கத்துக்குள்ள இறங்குறதே இல்ல, இறங்காம நிலக்கரிய பயன்படுத்தணும்ங்கறதுதான் இதோட மொத்த ஐடியாவே.

எப்படின்னா, மேலருந்து ரெண்டு போர் போடுவாங்க, ரெண்டும் நிலக்கரி இருக்கிற அடுக்கு வரைக்கும் போகும், அடியில ரெண்டுக்கும் நடுவுல நிலக்கரிக்குள்ளயே ஒரு வழி ஏற்படுத்துவாங்க. ஒண்ணு வழியா காத்து இல்லன்னா ஆக்சிஜனும் நீராவியும் உள்ள அனுப்பி பத்த வச்சா முழுசா எரிஞ்சு சாம்பலாகாம அரைகுறையா வெந்து கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன், கொஞ்சம் மீத்தேன், கூடவே கார்பன் டை ஆக்சைடுன்னு ஒரு கலவையா இன்னொரு போர் வழியா மேல வரும். அதுதான் சின்கேஸ். கரண்டும் எடுக்கலாம், மெத்தனால், யூரியா செய்யவும் அனுப்பலாம். வெறும் காத்த அனுப்பினா வர்ற கேஸ் ரொம்ப வீக், இயற்கை எரிவாயுவோட வெப்பத்துல எட்டுல ஒரு பங்கு தேறினாலே பெரிசு, அதனால அத நெடுந்தூரம் பைப்ல கொண்டு போறதுல்லாம் கட்டுப்படியாகாது, பக்கத்துலயே பிளான்ட் வேணும்.

இப்போ உங்க பொண்ணு பாத்த விஷயம். ஜார்க்கண்ட் ஜாம்தாரா மாவட்டத்துல காஸ்தான்னு ஒரு பிளாக், கோல் இந்தியாவோட ஈஸ்டர்ன் கோல்ஃபீல்ட்ஸ் 2024 ஜூன்ல அங்க பைலட் வேலைய ஆரம்பிச்சாங்க, ராஞ்சில இருக்கிற கோல் இந்தியாவோட சுரங்கத் திட்டமிடல் நிறுவனம் சிஎம்பிடிஐயும் கனடா கம்பெனி ஒண்ணும் கூட இருக்காங்க. முதல் கட்டம் போர் போட்டு உள்ளருந்து கோர் சாம்பிள், அதாவது உருளையா வெட்டின பாறை, நிலக்கரித் துண்டு, எடுத்து டெஸ்ட் பண்றது, கேஸ் எடுத்துப் பாக்குறது அதுக்கு அடுத்த கட்டம்தான். வீடியோல சொல்ற மாதிரி நாளைக்கே ஆயிரக்கணக்குல வேலை கொட்டப் போறதில்ல சார். குஜராத் வஸ்தான்ல ஓஎன்ஜிசி ரஷ்ய இன்ஸ்டிடியூட்ட கூட்டு சேத்துக்கிட்டு இதையே பேசினாங்க, சர்வே போர்னு போச்சு, உற்பத்திங்கற இடத்துக்கு வரல. உலக அளவுலயும் அதே கததான், இன்ஜினியர் வில்லியம் சைமன்ஸ் 1868லயே சொன்ன யோசனை இது, சோவியத் காலத்துல 1961ல உஸ்பெகிஸ்தான் அங்ரென்ல ஆரம்பிச்ச பிளான்ட்தான் ரொம்ப வருஷம் ஓடி பக்கத்து பவர் ஸ்டேஷனுக்கு கேஸ் குடுத்துச்சு, அத விட்டா பெரும்பாலும் பைலட்டோட நின்னதுதான்.

ஆஸ்திரேலியா விஷயத்த பொண்ணு கண்டிப்பா படிக்கணும். குயின்ஸ்லாந்து சின்சில்லால லிங்க் எனர்ஜின்னு ஒரு கம்பெனி 1999லருந்து பண்ணாங்க. உள்ள எரியற குழிக்குள்ள இருக்கிற அழுத்தம் சுத்தியிருக்கிற நிலத்தடி நீரோட அழுத்தத்த விட கம்மியாவே இருக்கணும், அப்பதான் தண்ணி உள்ள வரும், பென்சீன் பீனால் மாதிரி விஷப் பொருள்லாம் வெளிய போகாது, இதுதான் இந்தத் தொழிலோட முதல் பாடம். அங்க அழுத்தத்த ஏத்தி ஓட்டுனதுல மேல இருக்கிற பாறை விரிசல் விட்டு கேஸ் மண்ணுக்குள்ள பரவிடுச்சு, சுத்துவட்டாரத்துல 320 சதுர கிலோமீட்டருக்கு விவசாயிங்க ரெண்டு மீட்டருக்கு மேல தோண்டக் கூடாதுன்னு வச்சிட்டாங்க, 2016ல மாநிலமே யூசிஜிக்கு தடை போட்டுச்சு, 2018ல கோர்ட் 45 லட்சம் டாலர் அபராதம் போட்டுச்சு, ஆனா கம்பெனி அதுக்குள்ள திவாலாகி போயிருந்துச்சு, யாருகிட்ட வாங்குறது.

நான் இத பயமுறுத்த சொல்லல. இதுல வேலை எங்க இருக்குன்னு இது காட்டுது. யூசிஜி எங்க வந்தாலும் முதல் ஆள் போய் பத்த வைக்கிறவர் இல்ல, நிலத்தடி நீர் எந்தப் பக்கம் போகுது, மேல இருக்கிற பாறை தாங்குமான்னு பாக்குற ஹைட்ரோஜியாலஜிஸ்ட்டும் ராக் மெக்கானிக்ஸ் தெரிஞ்சவரும், சாய்வா போர் ஓட்டத் தெரிஞ்ச டிரில்லிங் ஆளுங்களும்தான். அப்புறம் கேஸ் மேல வந்தா கெமிக்கல் இன்ஜினியர்.

அதனால எனக்கு தோணுறது, யூசிஜிய நம்பி டிகிரி எடுக்காதீங்க, அது வந்தா உள்ள போற மாதிரியும் வரலன்னா வேற பக்கம் சம்பாதிக்கிற மாதிரியும் இருக்கிறத எடுங்க. கெமிக்கல் முதல் சாய்ஸ், கிண்டி ஏசி டெக், திருச்சி என்ஐடி. ஏன்னா பூமிக்கு மேல வச்சு கேஸாக்குற திட்டங்களுக்கு 2024 ஜனவரில மத்திய அரசு 8,500 கோடி ஒதுக்கியிருக்கு, என்எல்சி கூட லிக்னைட்லருந்து, அதாவது பழுப்பு நிலக்கரியிலருந்து, மெத்தனால்னு பேசிட்டு இருக்காங்க, அங்க வேலை மண்ணுக்கடியில இருக்கிறத விட சீக்கிரம் வரும். மைனிங்லதான் ஆசைன்னா கிண்டி சிஇஜில இருக்கு, ஜேஇஇல நல்லா வந்தா தன்பாத் ஐஐடி. ஆனா போஸ்டிங் ஜார்க்கண்ட், ஒடிசா, சத்தீஸ்கர்னுதான் பெரும்பாலும் விழும், ஹிந்தி கத்துக்கணும், அத இப்பவே வீட்ல உக்காந்து பேசிடுங்க. பொண்ணுங்கள அண்டர்கிரவுண்ட் வேலைக்கு எடுக்கவே கூடாதுன்னு இருந்த சட்டம் 2019ல தளர்ந்துடுச்சு, அந்தக் கதவு மூடல.

பீஎஸ்சி ஜியாலஜிய சொந்தக்காரங்க யாராச்சும் மட்டமா பேசினா காதுல வாங்காதீங்க. எம்எஸ்சி முடிச்சு ஹைட்ரோஜியாலஜி பக்கம் போனா தண்ணி இருக்கிற வரைக்கும் அந்த வேலை இருக்கும், மைனிங் கம்பெனிக்கும் வேணும், குடிநீர் வாரியத்துக்கும் வேணும்.

இன்னொண்ணு, மன்னார்குடி பக்கம் ஆழத்துல நிறைய லிக்னைட் இருக்கே நம்ம ஊர்லயே வேலை கிடைக்குமான்னு கேட்டிருந்தீங்க. அத கணக்குல எடுக்காதீங்க சார், டெல்டாவ 2020லயே பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமா சட்டம் போட்டாச்சு, அங்க இந்த மாதிரி திட்டத்த எந்த அரசாங்கமும் சுலபமா தொடாது, தொடக்கூடாதுங்கறதுதான் என் நினைப்பும்.

கவுன்சிலிங் சாய்ஸ லாக் பண்றதுக்கு முன்னாடி பொண்ணு போட்ட லிஸ்ட்ட ஒருதடவ எனக்கு அனுப்புங்க, கட்ஆஃபும் ஜேஇஇ மெயின் பர்சன்டைலும் சேத்து அனுப்புங்க. லிஸ்ட் அவளே போடட்டும், நீங்க போட்டு அனுப்பாதீங்க.