அன்பானவரை இழந்தவர் ஆண்டவரிடம் கோபப்பட்டால் அது அவிசுவாசமா?

இல்லை. வேதாகமத்தையே பாருங்கள். லாசரு இறந்து நான்கு நாள் கழித்து வந்த இயேசுவிடம் மார்த்தாள், "நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் மரித்திருக்கமாட்டான்" என்கிறாள். பிறகு அவள் சகோதரி மரியாளும் அதையே சொல்கிறாள். அது குறை சொல்லும் பேச்சுதான். அதற்காக இயேசு அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. சற்று நேரத்தில் லாசருவை எழுப்பப்போகிறவர், அதற்கு முன் அழுதார் (யோவான் 11:35). எனக்கு இந்த அதிகாரத்தில் மிகவும் பிடித்த இடம் அதுதான்.

88ஆம் சங்கீதம் ஆறுதலே இல்லாமல் இருளில் முடிகிறது. ஆனாலும் அது ஜெபம். இரவும் பகலும் கூப்பிடுவதாகத்தான் தொடங்குகிறது.

"துக்கப்படாதே என்று பவுல் சொன்னாரே" என்பார்கள். 1 தெசலோனிக்கேயர் 4:13இல் அவர் சொன்னது நம்பிக்கையற்றவர்களைப்போலத் துக்கிக்கவேண்டாம் என்று. உயிர்த்தெழுதலை நம்புகிறவருக்கும் பிரிவு வலிக்கும்.

ஆறுதல் சொல்லப் போகிறவர்களுக்கும் ஒன்று: பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து தவித்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை சரி. வாய் திறந்து காரணம் கற்பித்த பிறகுதான் கெட்டது. கடைசியில் கர்த்தர் கோபித்ததும் அவர்கள்மேல்தான். புலம்பித் தீர்த்த யோபுவோ அவர்களுக்காக ஜெபிக்க வேண்டியிருந்தது.