ஸ்பீடோமீட்டரில் 120-ஆ, 150-ஆ?

சென்ற இதழில் என்னுடைய 1970 டாட்ஜ் சேலஞ்சர் காரின் டேஷ்போர்டை முழுதாகக் கழற்றி மாட்டியதைப் பற்றி எழுதியிருந்தேன். டெட்ராய்ட் பக்கத்தில் 19 வருடமாகக் குடியிருக்கிறேன். அதில் 11 வருடம் அந்த வண்டியோடுதான். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் எஞ்சினைப் பற்றிக் கேட்டவர்கள் குறைவு. மீட்டர், இருக்கை, கதவு உள்பலகை என்று கேட்டவர்கள்தான் அதிகம். எனக்கு அதில் மிகுந்த சந்தோஷம். காரோடு நாம் வாழ்வது அதன் உள்ளேதானே.

"1970 சேலஞ்சர் ஆர்/டி என்று சொல்லி ஒரு காரைக் காட்டுகிறார்கள். ஸ்பீடோமீட்டரில் 120 மைல் வரைதான் இருக்கிறது. ஆர்/டி என்றால் 150 இருக்க வேண்டும் என்கிறான் நண்பன். வாங்கலாமா?"
– வாசகர், நோவை, மிச்சிகன்

நண்பர் சொல்வது சரி. ஆர்/டி என்பது சேலஞ்சரின் வேகமான, உயர்ந்த வகை. அதற்கு ராலி மீட்டர் தொகுப்பு கூடுதல் காசில்லாமல் வந்தது. 150 மைல் ஸ்பீடோமீட்டர், எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று 8,000 வரை காட்டும் டாக்கோமீட்டர், கடிகாரம், ஆயில் பிரஷர் மீட்டர், ட்ரிப் மீட்டர், சுற்றிலும் மரக்கோடு போட்ட முகப்பு. சாதா சேலஞ்சரில் 120 மைல் ஸ்பீடோமீட்டர். ஆயில் பிரஷருக்கு முள் கிடையாது, விளக்குதான்.

ஆனால் மீட்டரை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 50 வருடத்துக்கு மேலாகிவிட்ட வண்டியில் யாரோ ஒருவர் உடைந்த ராலி தொகுப்பைக் கழற்றிவிட்டுக் கையில் கிடைத்ததை மாட்டியிருக்கலாம். அதேபோல் சாதா வண்டியில் ராலியை மாட்டி, ஆர்/டி என்று விலை சொல்பவர்களும் உண்டு. எனவே முன் கண்ணாடிக்குக் கீழே, ஓட்டுநர் பக்கம் தெரியும் வண்டி எண்ணைப் படியுங்கள். ஜே.எஸ்.23 என்று தொடங்கினால் ஆர்/டி ஹார்ட்டாப், அதாவது மடக்க முடியாத கூரை உள்ள வண்டி. ஜே.எச்.23 என்றால் சாதா ஹார்ட்டாப். ஐந்தாவது இடத்தில் இருப்பது எஞ்சின், அளவு கன அங்குலத்தில்: ஜி என்றால் 318, என் என்றால் நாலு பேரல் கார்பரேட்டர் வைத்த 383, யு என்றால் 440, ஆர் என்றால் 426 ஹெமி. அடுத்து வரும் 0 என்பது 1970. அதற்கடுத்த எழுத்து தொழிற்சாலை. பி என்றால் இங்கே பக்கத்தில் இருந்த ஹாம்ட்ராம்க், ஈ என்றால் லாஸ் ஏஞ்சலிஸ்.

அப்புறம் பானெட்டைத் திறந்து, இடது பக்க உள் மட்கார்டில் சின்னத் தகடு இருக்கிறதா பாருங்கள். அதைக் கீழ் வரியிலிருந்து மேல்நோக்கிப் படிக்க வேண்டும். ஜே.எச். வண்டியாக இருந்து, அந்தத் தகட்டில் ஏ62 என்று அடித்திருந்தால் ராலி மீட்டரை முதல் சொந்தக்காரரே காசு கொடுத்து வாங்கியிருக்கிறார். அது ஆர்/டி ஆகாது. ஆனால் நேர்மையான வண்டி, அதற்குரிய விலையில் தாராளமாக வாங்கலாம். எண் ஜே.எச். என்று இருந்து, வெளியே ஆர்/டி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் பேரம் கூடப் பேசாமல் வந்துவிடுங்கள்.

"மீட்டரைத் தனியாகக் காசு கொடுத்து வாங்கினார்களா? மீட்டர் இல்லாமலா கார் விற்றார்கள்?"
– வாசகர், கோயம்புத்தூர்

ஆமாம், அந்தக் காலத்து அமெரிக்க வழக்கம் அது. எஞ்சின், கியர், ரேடியோ, இருக்கை எல்லாவற்றையும் ஆர்டர் தாளில் ஒவ்வொன்றாகக் குறித்து வாங்கினார்கள். வேகமும் பெட்ரோலும் எல்லா வண்டியிலும் தெரியும். மற்றதற்குப் பல வண்டிகளில் எச்சரிக்கை விளக்கு மட்டும். 1969 செவ்ரலே கமாரோவில் சூடு, ஆயில், மின்சாரம் மூன்றுக்கும் விளக்குதான். முள் வேண்டும் என்றால் யு17 என்ற தொகுப்புக்கு 94 டாலர் 80 சென்ட். அதை வாங்க இரு இருக்கைகளுக்கு நடுவிலுள்ள கன்சோலையும் வாங்கியாக வேண்டும், ஏனென்றால் நாலு சின்ன மீட்டர்களையும் அங்கேதான் பொருத்தினார்கள். டேஷில் வலது வட்டத்தில் டாக்கோமீட்டர். பார்க்க அத்தனை அழகு. ஓட்டும்போது ஆயில் பிரஷரைப் பார்க்க முழங்கால் பக்கம் குனிய வேண்டும், அது எனக்குப் பிடிக்காது.

பான்டியாக் ஜி.டி.ஓ. முதலில் வந்த 1964-இல் டாக்கோமீட்டரை வலது கோடி வட்டத்தில் வைத்தார்கள். ஓட்டுபவர் கண்ணுக்கு வாகாக இல்லை. 1967-இல் அதே நிறுவனம் டாக்கோமீட்டரை வண்டிக்கு வெளியே, பானெட் மேலேயே பொருத்திக் கொடுத்தது. கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல் முள்ளைப் பார்க்கலாம். வெயில், மழை, பனி எல்லாம் அதன் தலையில்தான். ஆனாலும் ஓட்டுபவனை நினைத்துச் செய்த வேலை என்று அதன் மேல் எனக்கு மரியாதை உண்டு. சேலஞ்சரின் ராலியில் எல்லாமே ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரே வரிசையில் வந்துவிடும். என் கண்ணுக்கு அந்தக் காலத்து டேஷ்களில் அதுதான் முதலிடம்.

"ராலி மீட்டர் உள்ள என் சேலஞ்சரில் ஹெட்லைட் போட்டால் ஆம்மீட்டர் முள் துடிக்கிறது. டேஷ் அடியில் லேசாகத் தீய்ந்த வாடை. உள்ளூர் மெக்கானிக் 'பழைய வண்டி அப்படித்தான்' என்கிறார்."
– வாசகர், எடிசன், நியூ ஜெர்சி

அப்படித்தான் என்று விடக்கூடாது. இந்தப் பதிலைப் படித்து முடித்ததும் பேட்டரி வயரைக் கழற்றுங்கள். சரிசெய்யும்வரை வண்டியை எடுக்காதீர்கள்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். வண்டி வாங்கிய இரண்டாவது வருடம், ஆகஸ்ட் மாதம், உட்வர்ட் அவென்யூவில் பழைய கார்கள் ஊர்வலம் போகும் நாள். இருட்டியபின் திரும்பி வரும்போது ஹெட்லைட் ஒரு நொடி மங்கி மீண்டது. முள் இடமும் வலமும் ஆடியது. நானும் பழைய வண்டி அப்படித்தான் என்று நினைத்து ஓட்டினேன். இரண்டு சிக்னல் தாண்டியதும் டேஷிலிருந்து புகை. என் மகள் பக்கத்து இருக்கையில் இருந்தாள். ஓரங்கட்டி, அவளை இறக்கிவிட்டு, பேட்டரி வயரை ஸ்பேனர் போட்டுக் கழற்றியபோது என் கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது.

காரணம் இதுதான். டாட்ஜைத் தயாரித்த கிரைஸ்லர் நிறுவனத்தின் அந்தக் காலத்து வண்டிகளில், எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்குப் போகும் மின்சாரம் எஞ்சின் பக்கமிருந்து தடுப்புச் சுவரில் உள்ள பெரிய பிளக் வழியாக உள்ளே வந்து, மின்னோட்டத்தைக் காட்டும் ஆம்மீட்டருக்குள்ளேயே பாய்ந்து, அதே பிளக் வழியாக வெளியே போகிறது. 1970-இல் புதிதாக இருந்தபோது தாங்கியது. வருடம் போகப்போக பிளக்கின் தட்டையான முனைகளில் களிம்பு ஏறும். களிம்பு ஏறினால் சூடு, சூடேறினால் பிளாஸ்டிக் உருகும். ஆம்மீட்டரின் பின்னால் உள்ள இரண்டு மரைகளில் நட்டும் தளரும். அங்கே இருக்கும் காப்பு வாஷர் நொறுங்கினால் மரை உலோகத்தில் பட்டு நேரே ஷார்ட். இதோடு பெரிய ஆல்டர்னேட்டர், மின்விசிறி, ஸ்டீரியோ என்று மாட்டியிருந்தால் சுமை இரட்டிப்பு.

கமாரோவில் இருப்பதும் ஆம்மீட்டர்தான். ஆனால் அதன் வழியாக மொத்த மின்சாரமும் போவதில்லை. ஒரு வயரின் இரு முனைக்கும் இடையே உள்ள சின்ன வித்தியாசத்தை மட்டும் மெல்லிய வயர் மூலம் படித்துக் காட்டும். எனவே கமாரோ வைத்திருப்பவர் சொல்லும் அறிவுரை உங்களுக்குப் பொருந்தாது.

என்ன செய்ய வேண்டும்? பிளக்கை இழுத்துப் பிரித்து, கறுத்த முனைகளைத் துடைப்பதோடு நிற்காமல் மாற்றுங்கள். வயரின் மேலுறை விறைத்திருந்தால் அதையும் மாற்றுங்கள். ஆம்மீட்டரைக் கழற்றி, அதே முகப்பை வைத்துக்கொண்டு உள்ளே வோல்ட்மீட்டராக மாற்றித் தரும் பட்டறைகள் இங்கே உண்டு. ஆல்டர்னேட்டரிலிருந்து எஞ்சின் பக்கமாகவே பேட்டரிக்கு, உருகு வயர் வைத்து, ஒரு தடித்த வயரை இழுத்துவிட்டால் உள்ளே வரும் சுமை போய்விடும். பழையதை அப்படியே வைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவன் நான். இந்த ஒரு இடத்தில் மட்டும் பிடிவாதத்தை விட்டுவிட்டேன்.

"சாவியைத் திருப்பினால் பெட்ரோல், சூடு, ஆயில் மூன்று முள்ளும் ஒன்றாகக் கோடிக்குப் போய் நிற்கின்றன. மூன்றும் ஒரே நாளில் கெட்டுவிடுமா?"
– வாசகர், டொராண்டோ

கெடவில்லை, ஆனால் கெடப் போகின்றன. சாவியை உடனே அணையுங்கள். அந்த மூன்றுக்கும் 12 வோல்ட் நேராகப் போகக் கூடாது. ஒரு சின்ன லிமிட்டர் அதை விட்டுவிட்டுத் தந்து சராசரி 5 வோல்ட்டாக்குகிறது. அதன் முனைகள் ஒட்டிக்கொண்டாலோ எர்த் போனாலோ மூன்றுக்கும் முழு 12 வோல்ட் பாயும், உள்ளே சுற்று கருகிவிடும். டிரான்சிஸ்டர் வகை லிமிட்டர் மலிவாகவே கிடைக்கிறது. மாற்றியபின் பெட்ரோல் முள்ளைச் சோதிக்க, டாங்கில் உள்ள அளவுக் கருவியிலிருந்து வரும் வயரில் 10 ஓம் ரெசிஸ்டர் வைத்தால் நிறைய என்றும், 73 ஓம் வைத்தால் காலி என்றும் காட்ட வேண்டும்.

"டேஷ் மேல்பகுதி வெயிலில் வெடித்துவிட்டது. கதவு உள்பலகையும் கீறல் விட்டிருக்கிறது. எல்லாம் மாற்றும்போது கறுப்பை எடுத்துவிட்டு வெள்ளையாக்கலாமா? மீட்டர் தொகுப்பும் வேறு வாங்கி வைத்திருக்கிறேன்."
– வாசகர், ஆஸ்டின், டெக்சாஸ்

வெடித்த டேஷை ஒட்டுப்போட வேண்டாம். அடியில் இருக்கும் நுரை சுருங்கித்தான் வினைல் பிளக்கிறது. ஒட்டு அடுத்த கோடை தாண்டாது. புதிதாக வார்த்ததை வாங்குங்கள். கதவு உள்பலகை ஒரே வார்ப்பான பிளாஸ்டிக், கைப்பிடி பக்கம்தான் முதலில் கீறும். பின்பக்கமாகப் பிளாஸ்டிக் வெல்டிங் செய்து சாயம் பூசினால் நன்றாகவே நிற்கும்.

நிறத்துக்கு வருகிறேன். மட்கார்டு தகட்டில் எச்6எக்ஸ்9 போல நாலு எழுத்து இருக்கும். 6 என்றால் வினைல் பக்கெட் இருக்கை, எக்ஸ்9 என்றால் கறுப்பு. உங்கள் வண்டி கறுப்பில் பிறந்திருந்தால் கறுப்பிலேயே இருக்கட்டும். வண்டி உங்களுடையது, தடுக்க எனக்கு உரிமையில்லை. கேட்டதால் மனதில் பட்டதைச் சொல்கிறேன்.

மீட்டர் தொகுப்பை மாற்றும்போது மறக்கக் கூடாத ஒன்று: ஓடிய மைல். உங்கள் பழைய எண்ணையே புதியதில் வைக்க வேண்டும். வைக்க முடியாவிட்டால் பூஜ்யத்தில் வைத்து, பழைய மைலையும் மாற்றிய தேதியையும் எழுதி இடது கதவுச் சட்டத்தில் ஒட்ட வேண்டும். அமெரிக்கக் கூட்டரசு சட்டமே அப்படிச் சொல்கிறது.

"இத்தனை சொல்கிறீர்கள். உங்கள் சேலஞ்சரில் ஏன் இன்னும் 120 மைல் மீட்டர்?"
– கல்லூரி மாணவி, சென்னை

என் வண்டி எண் ஜே.எச்.23ஜி0பி என்று தொடங்குகிறது. சாதா சேலஞ்சர், 318 எஞ்சின், ஹாம்ட்ராம்க்கில் செய்தது. ராலி தொகுப்பு ஒன்றை வாங்கிப் பெட்டியில் வைத்திருந்ததும் உண்மை. ஒரு குளிர்காலத்தில் பின் இருக்கையைக் கழற்றியபோது ஸ்பிரிங்குகளுக்கு நடுவே மடித்துச் செருகிய தாள் ஒன்று கிடைத்தது. இந்த வண்டியில் எதையெதை மாட்ட வேண்டும் என்று தொழிற்சாலைக்காரர்களுக்கு அடித்த தாள். எலி ஒரு மூலையைக் கடித்திருந்தது, மற்றதெல்லாம் படிக்க முடிந்தது. ராலி மீட்டருக்கான கட்டம் காலியாக இருந்தது. 1970-இல் யாரோ ஒருவர் தன் காசை எண்ணிப் பார்த்து அந்தக் கட்டத்தை விட்டிருக்கிறார். வாங்கியவரைக்கும் ஆசையாக வாங்கியிருக்கிறார். அடுத்த வாரமே ராலி தொகுப்பை, உண்மையான ஆர்/டி வைத்திருந்து மீட்டர் உடைந்துபோன ஒருவருக்கு வாங்கிய விலைக்கே கொடுத்துவிட்டேன். அந்தத் தாளைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வண்டிக் கொட்டகைச் சுவரில் மாட்டியிருக்கிறேன்.