கூப்பிட்டால் வராத பீகிள் குட்டி

கேள்வி: திருகோணமலை உவர்மலையில் இருக்கிறோம். கொழும்பிலிருந்து மூன்று மாதப் பீகிள் நாய்க்குட்டி ஒன்று எடுத்தோம். வீடு முழுக்கச் சலம் போகிறது, பிள்ளைகளின் காலைக் கடிக்கிறது, இரவில் அழுகிறது. எதையாவது மணந்துகொண்டு நின்றால் எத்தனை தரம் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காது. பேப்பரைச் சுருட்டி இரண்டு தட்டுத் தட்டினால் சரியாகும் என்கிறார் மாமா. என்ன செய்யலாம்?

பதில்: அடி வேண்டாம். மாமாவிடமும் அதைப் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். வீட்டுக்குள் சலம் போனதற்காக அடித்தால், உள்ளே போனது பிழை என்று குட்டிக்கு விளங்காது. ஆட்கள் பார்க்கும்போது போனால் அடி விழும் என்றுதான் விளங்கும். பிறகு கட்டிலுக்கு அடியிலும் கதவுக்குப் பின்னாலும் ஒளித்துப் போகப் பழகிவிடும்.

உங்கள் குட்டியைப் பிடிவாதம் என்று நினைக்காதீர்கள். பீகிள் இங்கிலாந்தில் முயல் வேட்டைக்காகக் கூட்டமாக வளர்த்த இனம். மூக்கை நிலத்தில் வைத்து, மணம் போகிற வழியே தானும் போகவேண்டும் என்பதற்காகவே தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்தார்கள். அமெரிக்க விமான நிலையங்களில் பயணப் பொதிகளுக்குள் ஒளித்து வரும் பழத்தையும் இறைச்சியையும் கண்டுபிடிக்க 1984 முதல் பீகிள்களைத்தான் பழக்கி வைத்திருக்கிறார்கள். கண்டுபிடித்தால் ஒரு துண்டுத் தீன், அவ்வளவுதான் கூலி. வீட்டில் நீங்களும் அதே இரண்டைத்தான் பிடிக்கவேண்டும்: மூக்கு, வயிறு.

முதலில் சலப் பிரச்சினை. மூன்று மாதக் குட்டியால் பகலில் இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு மேல் அடக்க முடியாது. தூங்கி எழும்பியதும், சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில், விளையாடி முடிந்ததும் வளவில் ஒரே மூலைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். பேசாமல் நில்லுங்கள். போய் முடித்த அந்தக் கணமே, அதே இடத்தில் வைத்து ஒரு துண்டுத் தீன் கொடுங்கள். வீட்டுக்குள் வந்து கொடுத்தால், உள்ளே ஓடி வந்ததற்குக் கிடைத்தது என்று நினைத்துக்கொள்ளும். உள்ளே போன இடத்தை வெறும் தண்ணீரால் துடைத்தால் போதாது. நமக்கு மணக்காவிட்டாலும் அதற்கு மணக்கும். அந்த மணம்தான் திரும்பவும் அங்கே இழுத்து வரும். வினாகிரி கலந்த தண்ணீரால் துடைத்து, பாய், கால்மிதி என்றால் வெயிலில் போடுங்கள்.

தீன் என்று நான் சொல்வது பிஸ்கட் இல்லை. உப்பும் தூளும் போடாமல் அவித்த கோழி ஈரல், முள் எடுத்த மீன், கச்சான் பருப்பில் பாதி அளவு துண்டு. நெத்தலிக் கருவாட்டைக் கண்டால் பீகிள் உயிரைக் கொடுக்கும், ஆனால் உப்பு அதிகம், கொடுக்காதீர்கள். சொக்லேட், முந்திரிகை வற்றல் (உலர்ந்த திராட்சை), வெங்காயம் மூன்றும் நாய்க்கு நஞ்சு. பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். கொடுக்கும் துண்டுகளை நாளாந்தச் சாப்பாட்டில் கழித்துவிடுங்கள். எவ்வளவு போட்டாலும் பீகிள் போதும் என்று சொல்லாது, கொழுத்துவிடும்.

இரவு அழுவது தனிமையால். கூட்டமாகப் படுத்துப் பழகிய இனத்தை வெளி விறாந்தையில் கட்டிவிட்டால் ஊரே எழும்பும்படி ஊளையிடும். ஒரு பெட்டியில் பழைய சாரம் போட்டு உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் வையுங்கள். அழாமல் தூங்கப் பழகியதும் பெட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டு போகலாம். நடுச்சாமத்தில் ஒருதரம் வெளியே தூக்கிப் போகத்தான் வேண்டும், அதில் தப்ப முடியாது.

கடிப்பது பிள்ளைகள் ஓடுவதால்தான் கூடுகிறது. ஓடும் காலைத் துரத்துவது அதற்கு விளையாட்டு. கடித்தவுடன் எல்லாரும் அசையாமல் நின்று, கையைக் கட்டிக்கொண்டு, முகத்தைத் திருப்பவேண்டும். கத்தினால் இன்னும் உற்சாகமாகும். பல் விழுந்து முளைக்கும் காலம் இனித்தான் வருகிறது, ஆறு மாதம் வரைக்கும் இருக்கும். பழைய துவாயை நனைத்து முறுக்கிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துக் கடிக்கக் கொடுங்கள்.

சரி, கூப்பிட்டால் வராத விஷயம். இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். வீட்டுக்குள், வேறு மணமில்லாத அறையில் தொடங்குங்கள். பெயரை ஒரே ஒருதரம் சொல்லுங்கள். உங்கள் பக்கம் தலை திரும்பியதும் துண்டு. இரண்டு அடி தள்ளிப்போய்த் திரும்பவும். ஒருதரம் ஐந்து நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு தரம் போதும். அறையில் தவறாமல் வந்தால் விறாந்தை, பிறகு வளவு. மூக்கு ஏற்கனவே நிலத்தில் பதிந்துவிட்டால் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிடாதீர்கள். பத்துத் தரம் கூப்பிட்டு வராவிட்டால் அந்தப் பெயர் அதற்குக் காற்றுச் சத்தம் மாதிரி ஆகிவிடும். கிட்டப் போய், துண்டை மூக்குக்கு நேரே பிடித்து, பின்னால் நடந்து வாருங்கள். மூக்கு துண்டோடு வரும், குட்டி மூக்கோடு வரும். கூப்பிட்டு வந்த பிறகு குளிப்பாட்டுவது, ஏசுவது, கட்டிப்போடுவது எதுவும் வேண்டாம். அதற்கெல்லாம் நீங்களே போய்த் தூக்குங்கள்.

சிரட்டை விளையாட்டும் சொல்லித் தருகிறேன். மூன்று சிரட்டைகளைக் கவிழ்த்து, ஒன்றுக்கடியில் ஈரல் துண்டை வையுங்கள். குட்டி ஒவ்வொன்றாக மணந்து, சரியான சிரட்டையில் நின்று மூச்சை விட்டு விட்டு இழுத்து, மூக்கால் தள்ளிப் புரட்டும். நீளமான நடையில் களைப்பதைவிட இதில் நன்றாகக் களைத்து, பிறகு அமைதியாகப் படுத்துவிடும். பிள்ளைகளுக்கும் ஓடாமல் விளையாட ஒரு விளையாட்டுக் கிடைக்கும்.

வெளியே எந்த வயதிலும் கயிறில்லாமல் விடாதீர்கள். கோட்டைப் பக்கமும் நகரத்து வீதிகளிலும் புள்ளிமான்கள் திரிகிற ஊர் நம்முடையது. வேட்டை நாய்க்கு மானின் மணம் பட்டால் நீங்கள் கூப்பிடுவது காதில் ஏறாது. ஓட்டோவும் பஸ்ஸும் கண்ணில் படாது. வேலிக்கு அடியிலும் பாருங்கள், பீகிள் மண்ணைத் தோண்டி வெளியே போகக் கூடியது. தகரம் நிலத்தில் முட்டாத இடத்தில் கல் வைத்து அடையுங்கள்.

தடுப்பூசித் தொடர் முடியும் வரை தெரு நாய்கள் திரியும் நிலத்தில் இறக்க வேண்டாம், பார்வோ என்ற வைரஸ் நோய் உயிரை எடுத்துவிடும். அதற்காக வீட்டுக்குள் பூட்டியும் வைக்காதீர்கள். பயமில்லாமல் உலகத்தைப் பழகும் வயது இதுதான். கையில் தூக்கிக்கொண்டு போய்க் கோயில் மணி, பாங்கு, பாண் விற்கும் ஓட்டோவின் இசை, மீன் சந்தை இரைச்சல் எல்லாவற்றையும் தூரத்தில் நின்று காட்டி, இடையிடையே துண்டு கொடுங்கள். ஊசிகள் முடிந்து மருத்துவர் சரி சொன்னதும் டச்சுக்குடாக் கடற்கரைக்கு விடியற்காலையில் நீளக் கயிற்றோடு கூட்டிப்போகலாம். கச்சான் காற்றுக் காலத்தில் பகல் வீதியில் நடத்தினால் பாதம் வெந்துவிடும். உங்கள் புறங்கையை வீதியில் வைத்துப் பார்த்து, தாங்க முடியாவிட்டால் திரும்பிவிடுங்கள். தொங்கும் காதுக்குள் ஈரம் நின்று புண் வரும், கடலில் நனைந்தால் காதைத் துடையுங்கள்.

ஒழுங்காகக் கூட்டிப்போயும் குட்டி நிமிடத்துக்கொருதரம் குந்தி, முக்கி, துளித்துளியாகச் சலம் போனால், அல்லது சலத்தில் இரத்தம் தெரிந்தால், அது பழக்கத்தில் உள்ள குறையாக இருக்காது. சலப்பையில் கிருமி இருக்கலாம். அன்றைக்கே மிருக வைத்தியரிடம் காட்டுங்கள்.